பருவம் அறிந்து உண்போம்

பங்குனி மாதத்தில் ஒரு நாள் கடைவீதிப் பக்கம் சென்று பாருங்கள். பழக்கடையில் முதல் மாம்பழங்கள் வந்து இறங்கியிருக்கும். தோல் பளபளவென்று மஞ்சளாக இருக்கும். விலையைக் கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆசைப்பட்டு வாங்கி நறுக்கினால் உள்ளே சதை வெளுத்திருக்கும். வாயில் வைத்தால் புளிக்கும். அதே கடைக்கு வைகாசி மாதத்தில் செல்லுங்கள். கடை கண்ணில் படுவதற்கு முன்பே மணம் வந்து அழைக்கும். விலை இறங்கியிருக்கும். பழம் தேனாக இனிக்கும்.

இரண்டும் ஒரே சாதி மாம்பழம். ஒரே தோட்டத்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். அப்படியிருக்க இந்த வேறுபாடு ஏன்? மஞ்சள் நிறம் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும்போது, இனிப்பு மட்டும் ஒன்றில் ஏன் இல்லை? இதற்கு விடை தேடினால், "அந்தந்தப் பருவத்தில் கிடைப்பதைச் சாப்பிடு" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்குப் பின்னே உள்ள விஞ்ஞானம் விளங்கும்.

செடிக்கு நாள்காட்டி உண்டா?

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது நம் உழவர்களின் பழமொழி. ஆடியில் ஊன்றிய பந்தல் அவரை ஆவணியிலும் புரட்டாசியிலும் கொடி வீசிப் பந்தலை மூடும். ஆனால் பூக்காது. ஐப்பசி, கார்த்திகையில்தான் பூச்சரங்கள் தலைகாட்டும். மார்கழியிலும் தையிலும் காய்த்துக் குலுங்கும். அதே அவரையை அவசரப்பட்டு மாசி மாதத்தில் ஊன்றினால் என்ன ஆகும்? கோடை முழுவதும் கொடி மட்டும் வளரும். பூப்பதற்கு மறுபடி ஐப்பசி வரவேண்டும். மாதம் இன்னது என்று கொடிக்கு எப்படித் தெரிகிறது?

இதற்கு வழிகாட்டியவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகளான கார்னர், அல்லார்டு என்ற இருவர். அவர்கள் ஆராய்ந்த ஒருவகைப் புகையிலைச் செடி, கோடையில் வயலில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தபோது சிறிய செடிகூடப் பூத்தது. வெப்பம், உரம், நீர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்த அவர்கள், கடைசியில் பகலின் நீளமே காரணம் என்று கண்டு 1920இல் வெளியிட்டார்கள். பகல் குறுகும்போது பூப்பவற்றைக் 'குறும்பகல் தாவரங்கள்' என்று பெயரிட்டார்கள். உண்மையில் இச்செடிகள் அளப்பது இடையறாத இருளின் நீளத்தை என்பது பிறகு தெரியவந்தது.

நம் பந்தல் அவரை ஒரு குறும்பகல் தாவரம். சென்னையில் ஜூன் 21ஐ ஒட்டிப் பகல் ஏறக்குறைய 13 மணி நேரம் நீடிக்கிறது. டிசம்பர் 22ஐ ஒட்டி அது சுமார் 11 மணி 20 நிமிடமாகக் குறைகிறது. வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். நாம் அதைப் பெரிதாகக் கவனிப்பதில்லை. ஆனால் அவரைக்கொடி அதை நுட்பமாக அளந்து அறிகிறது!

மாமரத்தின் கணக்கு வேறு. மழை ஓய்ந்தபின் வரும் வறண்ட நாள்களும், மார்கழி, தையின் குளிர்ந்த இரவுகளும் அதைப் பூக்கத் தூண்டுகின்றன. கிளை நுனிகளில் விட்ட துளிர்கள் நன்கு முற்றியும் இருக்கவேண்டும். பூத்ததிலிருந்து காய் முற்ற ஏறக்குறைய மூன்று முதல் நான்கு மாதம் ஆகும். விரலால் எண்ணிப் பாருங்கள். சித்திரை, வைகாசி வந்து நிற்கும். ஆக, பருவம் என்பது நாள்காட்டியைப் பார்த்து மனிதன் வகுத்ததன்று. ஒளி, வெப்பம், நீர் ஆகியவற்றோடு அந்தத் தாவரம் வைத்துக்கொண்டிருக்கும் உறவு அது.

பிஞ்சு, காய், செங்காய், கனி

அந்த மூன்று நான்கு மாதங்களில் மரம் என்ன செய்கிறது? சேமிக்கிறது. இலைகள் சூரிய ஒளியின் துணையால் சர்க்கரையைத் தயாரிக்கின்றன. அது காம்பு வழியாகக் காய்க்குள் வந்து மாச்சத்தாக, அதாவது ஸ்டார்ச்சாக, அடைபடுகிறது. கூடவே அமிலங்களும் தாது உப்புகளும் சேருகின்றன. கொட்டை கெட்டிப்படுகிறது. இந்த நிலைக்கு 'முற்றுதல்' என்று பெயர். முற்றிய காய் இன்னும் பச்சையாகவும் புளிப்பாகவும்தான் இருக்கும். ஆனால் அதன் களஞ்சியம் நிரம்பிவிட்டது.

அடுத்து வருவது 'கனிதல்'. இப்போது காய்க்குள் இருக்கும் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. ஒருவகை நொதி மாச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகிறது. மற்றொன்று செல்களின் சுவரில் உள்ள பெக்டினைக் கரைத்துச் சதையை மென்மையாக்குகிறது. பச்சையம் சிதைந்து, மஞ்சள் நிறக் கரோட்டின் வெளிப்படுகிறது, புதிதாகவும் உண்டாகிறது. அமிலம் குறைகிறது. மணம் தரும் எளிதில் ஆவியாகும் பொருள்கள் தோன்றுகின்றன. வாழையை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் பச்சைக்காயில் ஏறக்குறைய 20 கிராம் மாச்சத்து இருக்கும். நன்கு பழுத்தபின் அதில் ஒன்றிரண்டு கிராம்தான் மிஞ்சும். மற்றது பெரும்பாலும் சர்க்கரையாகிவிடும்.

முற்றுதல் வேறு, கனிதல் வேறு என்பதை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். முற்றுதல் மரத்தில் மட்டுமே நடக்கும். கனிதல் பல பழங்களில் பறித்த பிறகும் நடக்கும். கனிதல் இருப்பதை மாற்றுமே தவிர, இல்லாததை உண்டாக்காது. களஞ்சியம் நிரம்பும் முன்பே காயைப் பறித்துவிட்டால், நிறத்தை வரவழைக்கலாம்; மாற்றுவதற்கு மாச்சத்தே போதுமான அளவு இல்லாதபோது இனிப்பு எங்கிருந்து வரும்? பங்குனி மாம்பழத்தின் இரகசியம் இதுதான். காலத்துக்கு முன் நிறம் மாறும் காயை நம் மக்கள் 'வெம்பல்' என்கிறார்கள். வயதுக்கு மீறிப் பேசும் சிறுவனைப் 'பிஞ்சிலே பழுத்தது' என்று கேலி செய்வதும் இந்த அனுபவத்திலிருந்து பிறந்ததே.

கனிய வைக்கும் வாயு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்தன. குழாயில் கசிவு ஏற்பட்ட இடங்களில் மரங்கள் காலமின்றி இலையுதிர்த்தன. ரஷ்யாவைச் சேர்ந்த நெல்யுபோவ் என்ற ஆராய்ச்சியாளர், விளக்கு வாயுவில் கலந்திருந்த எத்திலீனே தாவரங்களைப் பாதிக்கிறது என்று பட்டாணி நாற்றுகளில் சோதித்து 1901இல் அறிவித்தார். பழுக்கும் ஆப்பிள் தானே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை 1934இல் கேன் என்ற ஆங்கில விஞ்ஞானி நிறுவினார். ஆக, கனிவதற்கான கட்டளையைப் பழமே ஒரு வாயுவின் வடிவில் பிறப்பிக்கிறது.

மா, வாழை, பலா, சப்போட்டா, பப்பாளி, சீத்தா, தக்காளி ஆகியவை முற்றியபின் மிகுதியாக எத்திலீனை வெளியிட்டு, பறித்த பிறகும் கனிகின்றன. திராட்சை, ஆரஞ்சு, எலுமிச்சை, மாதுளை, அன்னாசி போன்றவை அப்படியல்ல. பறித்த அன்றைக்கு இருந்த இனிப்புதான் கடைசிவரை. புளிப்புத் திராட்சையை எத்தனை நாள் வீட்டில் வைத்திருந்தாலும் அது இனிக்கப் போவதில்லை.

கிராமங்களில் மாங்காயை வைக்கோலில் புதைத்து வைப்பார்கள். அல்லது அரிசிப் பானைக்குள் போட்டு மூடுவார்கள். காய்கள் வெளியிடும் எத்திலீன் வெளியே போகாமல் அங்கேயே தங்கி, எல்லாக் காய்களையும் ஒருசேரக் கனிய வைக்கிறது. வாழைத்தாருக்கு மூட்டம் போடுவதும் இதே தத்துவம்தான். புகையிலும் சிறிதளவு எத்திலீன் இருக்கிறது. எத்திலீன் என்ற பெயரே அறியாமல் அதை நம் முன்னோர் பயன்படுத்தியிருக்கிறார்கள்!

கார்பைடு என்னும் குறுக்கு வழி

பருவத்தின் முதல் பழத்துக்குச் சந்தையில் அதிக விலை. இந்த ஆசைதான் முற்றாத காயையும் பறிக்கச் செய்கிறது. அதற்கு நிறம் ஏற்றச் சிலர் கையாளும் வழி, கூடைக்குள் கால்சியம் கார்பைடு பொட்டலத்தை வைப்பது. இரும்பைப் பற்றவைக்கும் பட்டறைகளில் வாயு உண்டாக்கப் பயன்படும் அதே சாம்பல் நிறக் கல்தான் இது. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் நடப்பது இதுதான்:

கால்சியம் கார்பைடு + நீர் → அசிட்டிலீன் + கால்சியம் ஹைட்ராக்சைடு

கூடவே வெப்பமும் பிறக்கிறது. அசிட்டிலீன் ஓரளவு எத்திலீனைப் போலச் செயல்பட்டுத் தோலை மஞ்சளாக்குகிறது. தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் கலப்பு உண்டு. ஆர்சனிக் நஞ்சு என்பதை நீங்கள் அறிவீர்கள். கூடைகளைக் கையாளும் தொழிலாளர்களுக்கும் பழத்தை உண்பவர்களுக்கும் இதனால் கேடு வரலாம். ஆகவே இந்தியாவில் கார்பைடு வாயுவால் பழுக்க வைத்த பழங்களை விற்பதை 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் தடை செய்கின்றன. முற்றிய காய்களை அதற்கென அமைந்த அறையில், காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேற்படாத எத்திலீன் வாயுவைக் கொண்டு கனிய வைப்பதற்கு மட்டும் அனுமதி உண்டு.

"முற்றாத காய்க்கு எத்திலீன் கொடுத்தால் இனிக்குமா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சேமிப்பு குறைவாக இருந்தால் எந்த வாயுவாலும் இனிப்பை நிறைக்க முடியாது. சட்டத்தால் நஞ்சைத் தடுக்கலாம். பருவத்தை முன்னால் இழுக்க முடியாது. சித்திரை வரை காத்திருக்க நாம் கற்றுக்கொண்டால், கார்பைடு வைப்பவருக்கு வேலையே இராது.

பறித்த பிறகும் மூச்சு

செடியிலிருந்து பிரிந்த பின்னும் காயும் கீரையும் உயிருள்ளவையே. அவை ஆக்சிஜனை உட்கொண்டு, சேமிப்பில் உள்ள சர்க்கரையை எரித்து, கரியமில வாயுவையும் நீராவியையும் வெப்பத்தையும் வெளியிடுகின்றன. ஊட்டுவதற்கு வேர் இல்லை. செலவு மட்டும் தொடர்கிறது. வெப்பம் 10 பாகை கூடினால் இந்தச் சுவாசம் இரண்டு மடங்கு, சிலவற்றில் மூன்று மடங்குகூட ஆகிவிடுகிறது. காலையில் பறித்த கீரைக்கட்டு மாலைக்குள் துவண்டுபோவது, இலைகளிலிருந்து நீர் ஆவியாகி வெளியேறுவதால்தான்.

துவள்வது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாமல் போவது வைட்டமின் சி. ஈறுகளைக் காக்கவும், புண் ஆறவும், உணவிலுள்ள இரும்புச் சத்தைக் குடல் ஏற்கவும் உதவும் இந்த வைட்டமின் காற்றாலும் வெப்பத்தாலும் எளிதில் சிதையும். கீரைகள் அறை வெப்பத்தில் சில நாள் கிடந்தாலே இதில் பெரும்பகுதியை இழந்துவிடும். பருவத்தில் அருகிலுள்ள தோட்டத்திலிருந்து வருவது பறித்த ஓரிரு நாளில் நம் தட்டுக்கு வந்துவிடுகிறது. எங்கோ தொலைவிலிருந்து பருவம் தவறி வருவதற்கு நெடும் பயணமும் கிடங்கு வாசமும் உண்டு.

விலை அதிகமானால் சத்தும் அதிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். 100 கிராம் கொய்யாவில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. நெல்லிக்காயில் அதைவிடவும் மிகுதி. ஆரஞ்சில் 50 மில்லிகிராமுக்கும் குறைவு. கடல் கடந்து வரும் ஆப்பிளிலோ சில மில்லிகிராம்தான். பள்ளி வாசலில் கூடையில் வைத்து விற்கும் கொய்யாவை இனி மதிப்போடு பாருங்கள்!

ஆண்டு முழுவதும் விருந்து

ஒவ்வொரு மாதமும் நமக்காக என்ன வைத்திருக்கிறது என்று பார்ப்போமா?

மாசி, பங்குனியில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் வரத்தொடங்கும். இவற்றில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. நம் தாகத்தை எண்ணி இவை கோடையில் காய்ப்பதில்லை. வெப்பத்தையும் வறண்ட மணற்பாங்கையும் விரும்பும் கொடிகள் இவை. ஆயினும் அந்தப் பொருத்தம் நமக்கு நன்மையாக அமைந்திருக்கிறது. சித்திரை முதல் ஆனி வரை சேலம், கிருஷ்ணகிரி, பெரியகுளம் மாம்பழங்களும் பண்ருட்டிப் பலாவும் அரசு செலுத்தும். மாம்பழத்தின் கரோட்டினை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்கிறது. மாலைக்கண் நோயைத் தடுப்பது இதுவே. ஆனி, ஆடியில் நாவற்பழம் நாக்கைக் கருநீலமாக்கும். குற்றாலச் சாரலோடு ரம்புத்தானும் மங்குஸ்தானும் வரும். ஆவணி முதல் ஐப்பசி வரை சீத்தாப்பழம். மார்கழி, தையில் அவரையும் மொச்சையும் பெரிய நெல்லியும். பொங்கலுக்குச் சிறுகிழங்கும் சர்க்கரைவள்ளியும் கரும்பும். தை, மாசியில் இலந்தை.

ஒற்றைப் பனைமரம் ஓராண்டில் மூன்று முறை நம் வீட்டுக்கு வருவதைக் கவனித்திருக்கிறீர்களா? கோடையில் நுங்கு. நுங்கை வெட்டாமல் விட்டால் ஆடி, ஆவணியில் பனம்பழம். அதன் கொட்டையை மண்ணில் புதைத்தால் தைப் பொங்கலுக்குப் பனங்கிழங்கு! விதையின் மூன்று பருவங்களை நாம் மூன்று பண்டங்களாக உண்கிறோம்.

இப்படி மாதத்துக்கு மாதம் மாற்றி உண்பதில் வேறொரு பயனும் உண்டு. எந்த ஒரு காயிலும் எல்லாச் சத்துகளும் இல்லை. ஒன்றில் கரோட்டின், ஒன்றில் வைட்டமின் சி, ஒன்றில் புரதம், ஒன்றில் நார்ச்சத்து. ஆண்டு முழுவதும் உருளைக்கிழங்கும் ஆப்பிளும் என்றிருப்பவருக்கு இந்தப் பலவகை கிடைக்காது. நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனிகள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எளிய குடும்பம் இந்த அளவை எட்டப் பருவகால விலைதான் கைகொடுக்கும். காத்திருந்து உண்பதன் இன்பமோ சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பத்து மாதம் காணாதிருந்த பழத்தின் முதல் துண்டுக்கு உள்ள சுவை, தினமும் கிடைப்பதற்கு ஏது?

பருவம் தவறியது எல்லாம் தீதா?

அப்படிச் சொல்வது விஞ்ஞானம் ஆகாது. வாழை, தேங்காய், பப்பாளி போன்றவை நம் நாட்டில் ஆண்டு முழுவதும் விளைகின்றன. நீலகிரியின் குளிர்ச்சியால் கேரட் எல்லா மாதமும் கிடைக்கிறது. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குட்டைச் செடி அவரை வகைகளைப் பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் உருவாக்கியிருப்பதால் கோடையிலும் அவரைக்காய் உண்ணலாம். பறித்தவுடன் உறையவைத்த பட்டாணி, பல நாள் கடையில் கிடந்த 'புதிய' பட்டாணியைவிட அதிகச் சத்தோடு இருக்கக்கூடும்.

பருவத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஒரே நேரத்தில் விளைச்சல் குவிந்தால் விலை சரிகிறது. தக்காளியைப் பறிக்கும் கூலிகூடக் கட்டாமல் உழவர்கள் வயலிலேயே விட்டுவிடும் செய்திகளை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கிருஷ்ணகிரிப் பகுதியில் மாம்பழக்கூழ் ஆலைகள் அமைந்ததன் நோக்கம், மிகுதியை வீணாக்காமல் காப்பதே. நம் வீடுகளின் மாவடு, மாங்காய் வற்றல், கொத்தவரை வற்றல், மணத்தக்காளி வற்றல் எல்லாம் இதே அறிவின் சிறு வடிவங்கள். நீரை அகற்றினாலோ உப்பைக் கூட்டினாலோ கிருமிகள் பெருகமாட்டா. வற்றலில் வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் தங்கும். பருவத்தில் நாம் வாங்கி உண்பதும், மிஞ்சியதைப் பதப்படுத்துவதும் உழவருக்கும் உதவியே.

செய்து பாருங்கள்

1. மாச்சத்துச் சோதனை: பச்சை வாழைக்காய், பாதி பழுத்தது, நன்கு பழுத்தது ஆகியவற்றில் ஒவ்வொரு துண்டு எடுத்து, நீர்த்த அயோடின் கரைசலை ஒரு சொட்டு விடுங்கள். மாச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். மூன்றிலும் நிறம் எவ்வளவு மாறுபடுகிறது? சோதித்த துண்டுகளை உண்ணாதீர்கள்.

2. எத்திலீன் சோதனை: ஒரே சீப்பிலிருந்து மூன்று முற்றிய பச்சை வாழைக்காய்களை எடுங்கள். ஒன்றைத் திறந்த மேசையில் வையுங்கள். ஒன்றைக் காகிதப் பைக்குள் தனியாக வைத்து மூடுங்கள். மூன்றாவதை ஒரு பழுத்த தக்காளியுடன் காகிதப் பைக்குள் வைத்து மூடுங்கள். எது முதலில் மஞ்சளாகிறது?

3. மிதக்கும் காய்: பலவகை அளவுள்ள பச்சை மாங்காய்களை ஒரு வாளி நீரில் இடுங்கள். நன்கு முற்றியவை பொதுவாக மூழ்கும், முற்றாதவை மிதக்கும். மாச்சத்து நிறைந்ததால் காயின் அடர்த்தி நீரின் அடர்த்தியைத் தாண்டிவிடுகிறது. இது முற்றலை அறியும் சோதனை மட்டுமே. மிதக்கும் பழமெல்லாம் கார்பைடு வைத்தவை என்று சிலர் சொல்வது தவறு. ஏன் தவறு என்று நீங்களே விளக்க முடியுமா?

4. பருவக் குறிப்பேடு: மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் அம்மாதம் புதிதாக வந்த காய்கனிகள், அவற்றின் விலை, விளைந்த ஊர் ஆகியவற்றை விற்பவரிடமே கேட்டு எழுதுங்கள். ஓராண்டு முடிந்ததும் விலை எப்போது மிகக் குறைவாக இருந்தது என்பதை வரைபடமாக வரையுங்கள். சுவை மிகுந்திருந்த மாதத்துக்கு ஒரு நட்சத்திரம் இடுங்கள். இரண்டும் ஒரே மாதத்தில் சேர்கின்றனவா என்று பாருங்கள்.